கோச்சை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

2025 அக்டோபர் கடைசி வாரம். அமெரிக்காவின் லூசியானா மாநில ஆளுநர் ஜெஃப் லேண்ட்ரி பத்திரிகையாளர்கள் முன்னால் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (இனிமேல் சுருக்கமாக எல்.எஸ்.யூ.) அடுத்த கால்பந்து கோச்சை, அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, அவரை விடுவதற்கு டிரம்ப்பையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடலாம் என்றார். மறுநாள் வுட்வர்ட் அந்த வேலையில் இல்லை.

அதற்கு நான்கு நாள் முன்புதான் பழைய கோச் பிரையன் கெல்லியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். 2021 கடைசியில் பத்து வருடத்துக்குச் சுமார் 9.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்த ஆள். பாதியில் அனுப்பினால் மீதிப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். சுமார் 5.4 கோடி டாலர். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

செய்தியைப் படித்தபோது எனக்குத் தொகையைவிட இன்னொன்றுதான் உறுத்தியது. ஒரு பல்கலைக்கழகத்தில் கோச்சை நியமிப்பது யார் வேலை? ஆளுநர் ஏன் நடுவில் வருகிறார்? தேடிப் படிக்கப் படிக்க, இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் இருந்திருப்பது தெரிந்தது. முதல் பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது "மாணவர்கள்".

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்கக் கால்பந்து. அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டமே ஒரு திருவிழா. ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் ஏழெட்டு கல்லூரிகளில் இருக்கிறது. அங்கே கோச் என்றால் நம்ம பி.டி. மாஸ்டர் என்று நினைத்துவிட வேண்டாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் இடத்தில் இருப்பது ஆளுநரோ நீதிபதியோ இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து கோச்.

காப்டன் காலம்

1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதியதைத்தான் முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் என்று சொல்கிறார்கள். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. இரண்டு பக்கமும் கோச் என்று ஒருவரும் கிடையாது. மாணவர்கள் தாங்களே டீம் சேர்த்தார்கள், தாங்களே காப்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் ஆடுவது, எப்படி ஆடுவது, எவ்வளவு பயிற்சி என்பதெல்லாம் காப்டன் சொன்னதுதான். ஆலோசனை வேண்டுமென்றால் படித்து முடித்துப் போன சீனியர்களை வரச் சொல்வார். வந்தவருக்குச் சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது.

யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் இப்படி வந்தவர்தான். இந்த விளையாட்டின் விதிகளில் பாதிக்கு மேல் அவர் மூளையில் உதித்தவை. ஆனால் அவருக்கு முழுநேர வேலை ஒரு கடிகாரக் கம்பெனியில். பகலில் மைதானத்துக்கு வர முடியாது. அதனால் அவர் மனைவி ஆலிஸ் மைதானத்தில் நின்று பயிற்சியைப் பார்ப்பார், யார் சரியாக ஆடினார்கள், யார் சொதப்பினார்கள் என்று மாலையில் வீட்டில் கணவரிடம் சொல்வார். கேம்ப் அதை வைத்து மறுநாளைக்குத் திட்டம் போடுவார். 1888-இல் இந்த ஏற்பாட்டில் யேல் அந்த வருடம் முழுக்க எடுத்த புள்ளிகள் 698. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். (ஆலிஸ் கேம்ப்பைத்தான் உண்மையான முதல் கோச் என்று சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.)

காப்டன்கள் வருடா வருடம் மாறுவார்கள், கேம்ப் அப்படியே இருப்பார். மெல்ல மெல்ல முடிவு எடுக்கும் இடம் மாணவர்களிடமிருந்து பழைய மாணவர்களிடம் நகர்ந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டீம்தான் ஜெயித்துக்கொண்டிருந்ததே.

ஹார்வர்டின் 7,000 டாலர்

யேல் ஜெயித்தால் தோற்பது யார்? பெரும்பாலும் ஹார்வர்ட். அந்த எரிச்சல் முற்றிப்போய் 1905-இல் ஹார்வர்ட் ஒரு காரியம் செய்தது. பில் ரீட் என்ற தன் பழைய ஆட்டக்காரரைக் கலிஃபோர்னியாவிலிருந்து வரவழைத்தது. அவருக்கு வயது 26. சம்பளம் வருடத்துக்கு 7,000 டாலர். அதில் ஒரு பங்கைப் பழைய மாணவர்கள் தங்கள் கையிலிருந்து போட்டார்கள்.

அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்றால், ஹார்வர்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய பேராசிரியருக்கே அவ்வளவு கிடையாது. 1869-லிருந்து பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் வாங்கியதை அது கிட்டத்தட்ட தொட்டது. (அங்கே தலைவர் என்றால் நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி.) எலியட்டுக்கோ கால்பந்தைக் கண்டாலே ஆகாது. இந்த விளையாட்டு மாணவர்களை முரடர்களாக்குகிறது என்று வருடா வருடம் எழுதிக்கொண்டிருந்த மனிதர். அவர் தலைமையிலிருந்த பல்கலைக்கழகத்தில், அவர் விரும்பாத விளையாட்டுக்கு, அவர் சம்பளத்தை நெருங்கும் சம்பளத்தில் ஒரு 26 வயதுக்காரர்!

இந்த விஷயத்தின் அடிப்படை எல்லாமே இந்த ஒரு நியமனத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணம் வெளியிலிருந்து வந்தது. ஆளை முடிவு செய்ததும் பணத்தோடு வந்தவர்கள்தான். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. அடுத்த நூற்று இருபது வருடத்தில் மாறியது பூஜ்யங்களின் எண்ணிக்கைதான்.

ரீட் வந்த வருடம்தான் மைதானத்தில் மாணவர்கள் சாவது தேசியப் பிரச்சினையாகி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ரீட்டும் கேம்ப்பும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பாவம் ரீட், இரண்டு வருடமும் யேலிடம் தோற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பல்கலைக்கழகத் தலைவரே முன்வந்து கோச்சை நியமித்த கதையும் உண்டு. 1892-இல் புதிதாகத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் தன்னிடம் படித்த அலோன்சோ ஸ்டாக்கை அழைத்து வந்து நிரந்தரப் பேராசிரியர் வேலையே கொடுத்துவிட்டார். மற்ற பேராசிரியர்களைப் போலவே அவரையும் நினைத்த நேரத்தில் தூக்க முடியாது. ஸ்டாக் அங்கே 41 சீசன் இருந்தார். 70 வயதில் ஓய்வு பெறும் விதியைக் காட்டித்தான் 1932-இல் அனுப்ப முடிந்தது. கோச்சையும் ஆசிரியராக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு உதாரணம். வேறு பெரிய இடங்கள் இதைப் பின்பற்றவில்லை. ஏன் என்று யோசித்தால் பதில் எளிது. நிரந்தர வேலை கொடுத்துவிட்டால் தோற்றவுடன் துரத்த முடியாதே! அந்தச் சிகாகோவே 1939-இல் கால்பந்தை மூட்டை கட்டிவிட்டது. 1929-இல் கார்னகி அறக்கட்டளை ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டு, இந்த விளையாட்டு வியாபாரமாகிவிட்டது, மாணவர்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னது. ஒருவரும் கேட்கவில்லை.

செனட்டர் லாங்கும் இடைவேளைப் பேச்சும்

லூசியானா ஆளுநர் 2025-இல் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. அதே மாநிலத்தில், அதே எல்.எஸ்.யூ.வில் இதைவிட அசத்தலாகச் செய்தவர் ஹூயி லாங். ஆளுநராக இருந்து பிறகு செனட்டராகி, மாநிலம் முழுவதையும் சட்டைப் பைக்குள் வைத்திருந்தவர். எல்.எஸ்.யூ. டீமை அவர் தன் சொந்த டீம் என்றே நினைத்தார். மைதானத்தின் ஓரத்தில் நடப்பார், இசைக்குழுவுக்கு முன்னால் அணிவகுத்துப் போவார்.

1934 டிசம்பரில் ஓரிகன் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். பாதி ஆட்டத்தில் எல்.எஸ்.யூ. 13-0 என்று பின்தங்கியிருந்தது. இடைவேளையில் வீரர்களிடம் தான் பேச வேண்டும் என்று லாங் உடை மாற்றும் அறைக்கு வந்தார். கோச் பிஃப் ஜோன்ஸ் ராணுவ அதிகாரி. முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, இந்த ஆட்டத்தோடு நான் விலகுகிறேன் என்று ஜோன்ஸ் சொன்னார். டீம் திரும்பப் போய் 14-13 என்று ஜெயித்தது. ஜோன்ஸ் சொன்னபடியே விலகினார்.

இதற்கு ஒரு மாதம் முன் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டீமின் நட்சத்திர ஆட்டக்காரர் ஏப் மிக்கல் என்ற மாணவரை லாங் மாநில செனட்டராக்குவதாக அறிவித்து ஒரு கூத்து நடத்தினார். மிக்கல் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அதைக் கண்டித்து ஒரு மாணவர் எழுதிய கடிதம் மாணவர் பத்திரிகையில் அச்சாகவிருந்தது. லாங்குக்குச் செய்தி போனது. கடிதம் நிறுத்தப்பட்டது, பத்திரிகைக்குத் தணிக்கை வந்தது. எதிர்த்து நின்ற ஏழு மாணவர்களைக் கல்லூரியை விட்டே நீக்கினார்கள். கோச் தானாகப் போனார், வேறு இடத்தில் வேலையும் கிடைத்தது. மாணவர்களைத் துரத்தினார்கள். காப்டன் காலத்திலிருந்து அறுபது வருடத்துக்குள் இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

பணம் பேச ஆரம்பிக்கிறது

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்தியாக வேண்டும். பூஸ்டர். பாலில் கலக்குவது இல்லை :-) கல்லூரி டீமுக்குப் பணத்தை அள்ளி இறைக்கும் பணக்கார ரசிகருக்கு அங்கே அந்தப் பெயர். எண்ணெய் முதலாளி, வங்கி முதலாளி, கார் டீலர் என்று பல வகை. இவர்களில் சிலர் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிலும் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பணம் கொடுப்பவரும் அவரே, ஒப்புதல் கொடுப்பவரும் அவரே.

1982 ஜனவரியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இதுதான் நடந்தது. ஆட்சிக்குழுத் தலைவர் பம் பிரைட் என்ற தொழிலதிபர் முதலில் மிச்சிகனின் கோச் போ ஷெம்பெக்லருக்கு வலை வீசினார். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்று மிச்சிகனிலேயே தங்கிவிட்டார். (அவரைத் தக்கவைக்க டாமினோஸ் முதலாளி ஒரு பீட்சா கடையையே கொடுத்தார் என்பது கிளைக்கதை.) அடுத்து பிட்ஸ்பர்க்கின் ஜாக்கி ஷெரில் வந்தார். ஆறு வருடத்துக்கு 17 லட்சம் டாலருக்கு மேல். நாடே வாயைப் பிளந்தது. பேச்சுவார்த்தையில் பல்கலைக்கழகத் தலைவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஷெரில் மூன்று முறை வட்டாரக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பிறகு விதிமீறல் விவகாரத்தில் டீமுக்குத் தண்டனை வந்து, 1988-இல் விலகினார்.

அதற்கு நடுவில் 1984-இல் ஒரு பெரிய திருப்பம். எந்த ஆட்டத்தை டிவியில் காட்டலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. கட்டுப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது ஓக்லஹோமா பல்கலைக்கழகம். அன்றிலிருந்து டிவி பணம் வெள்ளமாகக் கல்லூரிகளுக்கு வர ஆரம்பித்தது.

சரி, இவ்வளவு பணம் வந்தால் அது எங்கே போகும்? சாதாரணத் தொழிலில் என்றால் உழைப்பவர்களுக்கு ஒரு பங்கு போகும். இங்கே ஆடுகிறவர்கள் மாணவர்கள். அவர்களுக்குப் படிப்புச் செலவுக்கு மேல் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று விதி. 2021 வரை தன் பெயரையும் படத்தையும் வைத்து ஒரு மாணவர் விளம்பரத்தில்கூடச் சம்பாதிக்க முடியாது. 2025 ஜூலையில்தான் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்க வழி திறந்தது. ஆக நாற்பது வருடம் நல்ல ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. நல்ல ஆட்டக்காரர்களை அழைத்து வரும் கோச்சை வாங்கலாம். வெள்ளம் முழுக்க ஒரே மடை வழியாகப் பாய்ந்தது. கோச் சம்பளம் விண்ணைத் தொட்டதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஒன்றே போதும் என்று தோன்றுகிறது.

2007-இல் அலபாமா பல்கலைக்கழகம் நிக் சேபனை எட்டு வருடத்துக்கு 3.2 கோடி டாலருக்கு அழைத்து வந்தது. நான் அலபாமாவுக்குப் போக மாட்டேன் என்று அவர் சொல்லி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர் அங்கே ஆறு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றார். 2024 ஜனவரியில் ஓய்வு பெறும்வரை அந்தப் பணம் வீண் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சேபன் ஜெயித்தது மற்ற எல்லோருக்கும் வினையாக முடிந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பணத்தைக் கொட்டினால் தனக்கும் ஒரு சேபன் கிடைப்பார் என்று நம்ப ஆரம்பித்தது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் நம்பியது. 2017 டிசம்பரில் ஜிம்போ ஃபிஷருக்குப் பத்து வருடத்துக்கு 7.5 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம். பல்கலைக்கழகக் குழுமத்தின் வேந்தர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு தேசிய சாம்பியன் கேடயத்தையே பரிசளித்தார். அதில் வருடம் மட்டும் நிரப்பாமல் விடப்பட்டிருந்தது! 2020-இல் ஒரு நல்ல சீசன் வந்தது. உடனே 2021-இல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டிச் சம்பளத்தையும் ஏற்றினார்கள்.

இந்த இடத்தில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கோச் நன்றாகச் செய்கிறார். வேறு பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்று பயம். அவருடைய ஏஜென்ட் அந்தப் பயத்தை அணையாமல் பார்த்துக்கொள்கிறார். ஒப்பந்தம் நீள்கிறது. நீண்ட ஒவ்வொரு வருடமும், பின்னால் அவரை நீக்க நினைத்தால் கொடுக்க வேண்டிய தொகையில் ஏறுகிறது. கையெழுத்துப் போடும் இயக்குநர் நான்கைந்து வருடத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார். 2023 நவம்பரில் ஃபிஷரை நீக்கியபோது கொடுக்க வேண்டி வந்தது சுமார் 7.6 கோடி டாலர். அங்கே அவருடைய கணக்கு 45 வெற்றி, 25 தோல்வி. கேடயத்தில் வருடம் நிரப்பப்படவே இல்லை.

2017-இல் ஃபிஷரை நியமித்த இயக்குநர் யார் தெரியுமா? ஸ்காட் வுட்வர்ட். அவர்தான் 2019-இல் எல்.எஸ்.யூ.வுக்கு மாறி, அங்கே பிரையன் கெல்லியையும் நியமித்தவர். லேண்ட்ரி கொதித்ததில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆளுநரிடம் அந்த வேலையைக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்பதற்கு ஹூயி லாங் பதில் சொல்லியாயிற்று.

ரகசிய விமானம்

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கதையை. இதுவும் அலபாமா மாநிலத்தில்தான் இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் பரம எதிரி.

2003-இல் ஆபர்ன் கோச் டாமி டூபர்வில். சீசன் எதிர்பார்த்தபடி போகவில்லை. நவம்பர் 22 அன்று அலபாமாவோடு வருடாந்திர ஆட்டம். அதற்கு இரண்டு நாள் முன், பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் வாக்கர், விளையாட்டு இயக்குநர் டேவிட் ஹவுசல், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் இருவர் எல்லோரும் ஒரு தனி விமானத்தில் ஏறி லூயிவில் நகரத்துப் பக்கம் போனார்கள். விமானம் பாபி லவுடர் என்ற வங்கி முதலாளியின் தரப்பிலிருந்து வந்தது. அவரும் ஆட்சிக்குழு உறுப்பினர், டீமின் பெரும் புரவலர். போனது எதற்கு? லூயிவில் பல்கலைக்கழகத்தின் கோச் பாபி பெட்ரினோவைப் பார்த்து, எங்களிடம் வருகிறாயா என்று கேட்க. பெட்ரினோ முந்தின வருடம்வரை டூபர்விலுக்குக் கீழே வேலை பார்த்தவர். டூபர்விலுக்கு எதுவும் தெரியாது. பெட்ரினோ வேலை பார்த்த லூயிவிலுக்கும் சொல்லவில்லை.

டூபர்வில் அந்த ஆட்டத்தில் அலபாமாவை 28-23 என்று ஜெயித்துவிட்டார். அடுத்த சில நாட்களில் பத்திரிகைகள் விமானக் கதையைப் போட்டு உடைத்தன. ரசிகர்கள் கொதித்தார்கள். டூபர்வில் பரிதாபத்துக்குரிய நல்லவர் ஆகிவிட்டார், அவரைத் தொட முடியவில்லை. ஜனவரியில் வாக்கர் பதவி விலகினார். ஆபர்னின் நிர்வாகத்தில் ஆட்சிக்குழு அளவுக்கு மீறித் தலையிடுகிறது என்று முன்பே விசாரித்துக்கொண்டிருந்த அங்கீகார அமைப்பு, அந்த டிசம்பரில் பல்கலைக்கழகத்தை ஒரு வருடக் கண்காணிப்பில் வைத்தது. இது விளையாட்டு இல்லை. அங்கீகாரம் போனால் அங்கே படிக்கும் ஒவ்வொரு மாணவரின் பட்டமும் கேள்விக்குறி. வேதியியல் படிக்கிற ஒரு பெண்ணுக்கும் அந்த விமானத்துக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்?

அடுத்த வருடம் டூபர்வில் ஆடிய 13 ஆட்டத்திலும் ஜெயித்தார். (2020 தேர்தலில் அலபாமாவிலிருந்து அமெரிக்க செனட்டராகவும் ஜெயித்தார். அந்த ஊரில் கோச்சுக்கு இருக்கும் மவுசு அப்படி.)

2008-இல் டூபர்வில் கிளம்ப, ஆபர்ன் புதிய கோச்சைத் தேடியது.  இந்த முறை சர்ச்சை இன்னும் பெரியது. வந்தவர்களில் டர்னர் கில் ஒருவர். பஃபலோ பல்கலைக்கழகத்தின் தேறாத டீமை அந்த வருடம்தான் வட்டாரச் சாம்பியன் ஆக்கியிருந்தார். கறுப்பினத்தவர். தேர்வானவர் ஜீன் சிசிக். அதற்கு முன் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் ஜெயித்தது 5, தோற்றது 19. ஆபர்னின் முன்னாள் மாணவரும் கூடைப்பந்து நட்சத்திரமுமான சார்லஸ் பார்க்லி, நிறம்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னதற்குப் பின்னணி இருந்தது. பெரிய கல்லூரிகளின் மட்டத்தில் முதல் கறுப்பினத் தலைமை கோச் 1979-இல்தான் வந்தார், விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லி ஜெஃப்ரீஸ். ஆபர்ன், அலபாமா, எல்.எஸ்.யூ. எல்லாம் இருக்கும் தென்கிழக்கு வட்டாரத்தில் 2003 டிசம்பர் வரை ஒருவர்கூட இல்லை. களத்தில் ஆடுபவர்களில் பெரும் பகுதி கறுப்பின மாணவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வருடங்களைப் படிக்க வேண்டும். எடி ராபின்சன் 1941-லிருந்து 1997 வரை கிராம்ப்ளிங் என்ற கறுப்பினக் கல்லூரியிலேயே இருந்து 408 ஆட்டம் ஜெயித்தார். அது எல்.எஸ்.யூ. இருக்கும் அதே லூசியானா. 2003 மே மாதம் அலபாமாவுக்குத் திடீரென்று கோச் தேவைப்பட்டபோது, அதே பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டக்காரர் சில்வஸ்டர் க்ரூமைப் பேட்டி எடுத்தார்கள். பிறகு தலைமை கோச்சாக ஒரு நாளும் இருந்திராத மைக் ஷூலாவை எடுத்தார்கள். ஷூலாவும் அங்கே ஆடியவர், வெள்ளையர். ஏழு மாதம் கழித்து க்ரூமுக்கு மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் வாய்ப்புக் கொடுத்தது. அந்த வட்டாரத்தின் முதல் கறுப்பினத் தலைமை கோச் அவர்தான்.

சிசிக் கதை இதோடு முடிந்திருந்தால் எழுதுவதற்கு வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. 2010-இல் ஆபர்ன் 14 ஆட்டத்திலும் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனது. கோச் அதே சிசிக். இரண்டே வருடத்தில் 3 வெற்றி, 9 தோல்வி என்று சரிந்ததும் அவரையும் அனுப்பிவிட்டார்கள். டர்னர் கில் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், இரண்டு வருடத்தில் நீக்கினார்கள். அங்கே அவருடைய கணக்கு என்ன தெரியுமா? 5 வெற்றி, 19 தோல்வி. அதே எண்!

இதை வைத்து ஆபர்ன் செய்தது சரி என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. 5-19 என்று வந்த ஒருவருக்குச் சாம்பியன் ஆகிற அளவுக்குப் பெரிய மேடை கிடைத்தது. ஒரு டீமை நிமிர்த்திய மற்றவருக்குக் கான்சாஸ் கிடைத்தது. கால்பந்தில் கான்சாஸ் எந்த இடம் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த எண் ஆளைப் பற்றி எவ்வளவு சொல்கிறது, இடத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. அதனால்தான் அந்த அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்பவர் யார் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

இப்போதெல்லாம் அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதும் கஷ்டம். ஆள் தேடித் தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் கட்டணம் கொடுத்து அவர்களை அமர்த்துகின்றன. ஒரு காரணம், அரசுப் பல்கலைக்கழக அதிகாரியின் மின்னஞ்சலைத் தகவல் சட்டத்தின்படி எவரும் கேட்டு வாங்கலாம், தனியார் நிறுவனத்தின் தொலைபேசிப் பேச்சை அப்படிக் கேட்க முடியாது. ஆபர்ன் விமானத்திலிருந்து எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம், ரகசியத்தை இன்னும் ஒழுங்காகக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் போலிருக்கிறது.

மறுபடியும் லூசியானா

2025 நவம்பர் 30 அன்று எல்.எஸ்.யூ. தன் புதிய கோச்சை அறிவித்தது. லேன் கிஃபின். ஏழு வருடம், வருடத்துக்குச் சுமார் 1.3 கோடி டாலர். அவர் அதுவரை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கோச். ஓல் மிஸ் என்பது அதன் செல்லப் பெயர். அந்த டீம் 11 வெற்றி, ஒரே ஒரு தோல்வியோடு, தன் வரலாற்றிலேயே முதல்முறையாகத் தேசிய பிளேஆஃபில் நுழையும் நிலையில் இருந்தது.

பிளேஆஃப் முடியும்வரை ஓல் மிஸ் டீமைத் தானே நடத்துகிறேன் என்று கிஃபின் கேட்டார். அதன் இயக்குநர் கீத் கார்டர் மறுத்துவிட்டு, தடுப்பாட்டப் பயிற்சியாளர் பீட் கோல்டிங்கை அன்றே தலைமை கோச் ஆக்கினார். கிளம்பும்போது கிஃபின் வெளியிட்ட அறிக்கையில், தன்னையே தொடர விடும்படி டீமும் கேட்டுக்கொண்டதாகச் சொல்லியிருந்தார். அப்படி நாங்கள் யாரும் கேட்கவில்லை என்று அந்த டீமின் சில மாணவர்கள் இணையத்தில் எழுதினார்கள்.